வயசாகிவிட்டது என்று சொல்வதற்கு முன்...

பெரியவர்களுக்குத் திடீரென்று வரும் மறதி, கை முகம் வெட்டி இழுப்பது, அடிக்கடி விழுவது... இவற்றுக்குப் பின்னால் ஒரு மூளை அழற்சி ஒளிந்திருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மனுஷரை மீட்டுவிடலாம்!

உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருக்கிறார்களா? அப்படியானால் கையில் இருக்கும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். படித்து முடித்ததும் பக்கத்தைக் கிழித்து பீரோவுக்குள் வைத்துக்கொண்டாலும் சரி.

பொங்கலுக்கு நன்றாக இருந்த மனுஷர். தறிக் கூலி, வட்டிக் கணக்கு எல்லாம் விரல் நுனியில். சித்திரை நோம்பி வருவதற்குள் பேரன் பெயரை மறக்கிறார். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் இல்லை என்கிறார். ராத்திரி எழுந்து, "மாட்டை யாரோ ஓட்டிக்கிட்டுப் போறான்" என்று சத்தம் போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் "வயசாயிடுச்சுல்ல" என்கிறார். மூத்த மகள் "அம்மா போன ஏக்கம்" என்கிறாள். இன்னொருவர் எலுமிச்சம்பழம் மந்திரித்து வரக் கிளம்புகிறார். மருந்துக்கடைக்காரர் சத்து டானிக் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார்.

எல்லாரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. "இது எந்தத் தேதியில் ஆரம்பித்தது?"

நாள் கணக்கா... வருஷக் கணக்கா?

முதுமையில் வரும் மறதி நோய், அதாவது அல்சைமர் போன்றவை, மெதுவாக வரும். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் குடும்பத்தாருக்கே சொல்லத் தெரியாது. "ரெண்டு மூணு வருஷமாவே அப்படித்தாங்க" என்பார்கள். மூங்கில் தடுப்பைக் கரையான் அரிப்பது போல அது நடக்கும்.

ஆனால், "தீபாவளிக்கு நல்லாத்தான் இருந்தாருங்க, கார்த்திகையில இருந்துதான்..." என்று மாதம் சொல்ல முடிகிறதென்றால், காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வாரக் கணக்கில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள், ஒருவருடைய ஞாபகமும் குணமும் நடத்தையும் புரண்டு போனால் அதற்குப் பெயர் முதுமை அல்ல. அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்களில் பலவற்றைச் சரிப்படுத்த முடியும்.

ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை ஏறி இறங்குவது, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, சிறுநீர்த் தொற்று, எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தக்கட்டி, மூளைக் காய்ச்சல், மாத்திரைகளின் பக்க விளைவு... பட்டியல் நீளம். அந்தப் பட்டியலில் பலருக்கும் தெரியாத ஒரு பெயரும் இருக்கிறது. டாக்டர்கள் அதை 'ஆட்டோ இம்யூன் என்கெஃபலைட்டிஸ்' என்கிறார்கள். தமிழில் சொன்னால், உடம்பே தன் மூளையைத் தாக்குவதால் வரும் மூளை அழற்சி.

காவல்காரனே கை வைத்தால்?

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை உண்டு. கிருமி வந்தால் அடித்துத் துரத்துவது அதன் வேலை. அந்தப் படை தயாரிக்கும் ஆயுதங்களில் ஒன்றுதான் எதிர்ப்பொருள். சில சமயம் காவல்காரனுக்குக் கண் மங்கிவிடுகிறது! சொந்த வீட்டு ஆளையே திருடன் என்று நினைத்து அடிக்க ஆரம்பிக்கிறான். மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம். தைராய்டைத் தாக்கினால் தைராய்டு நோய். அதே தாக்குதல் மூளையின் நரம்பு செல்கள்மேல் திரும்பினால்தான் இந்த நோய்.

ஞாபகம், பயம், கோபம், தூக்கம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் ஒரு பகுதி மூளையின் நடுவே, பொட்டுப் பக்கத்துக்கு உள்ளே இருக்கிறது. தாக்குதல் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. அதனால்தான் நோயாளி ஒரு சமயம் மறதிக்காரர் மாதிரியும், ஒரு சமயம் புத்தி பேதலித்தவர் மாதிரியும், ஒரு சமயம் வலிப்புக்காரர் மாதிரியும் தெரிகிறார்.

1960-ல் இங்கிலாந்தில் பிரையர்லி, கோர்செலிஸ் முதலான மருத்துவர்கள், பிற்பகுதி வயதில் வந்த இப்படிப்பட்ட மூளை அழற்சி என்று மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். காரணம் அப்போது விளங்கவில்லை. சில நோயாளிகளுக்கு உடம்பில் எங்கோ ஒரு புற்றுக்கட்டி இருப்பதைக் கோர்செலிஸ் குழுவினர் 1968-ல் எடுத்துக்காட்டினார்கள். உண்மையான திருப்பம் 2007-ல் வந்தது. அமெரிக்காவில் ஜோசப் டால்மாவ் என்ற ஸ்பானிய மருத்துவரும் அவருடைய குழுவினரும், இளம்பெண்களுக்குத் திடீர் பைத்தியம் போல வந்த ஒரு நோய்க்குக் காரணமான எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள்.

2009-ல் நியூயார்க் பத்திரிகையாளர் சூசன்னா கஹாலனுக்கு வந்தது அந்த நோய்தான். அப்போது அவருக்கு வயது 24. மனநோய் என்றே பலரும் நினைத்தார்கள். ஒரு டாக்டர் காகிதத்தைக் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரையுங்கள்" என்றார். 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் அந்தப் பெண் வட்டத்தின் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தார். மூளையின் ஒரு பாதி அழற்சியில் இருக்கிறது என்று அதில் பிடிபட்டது. சிகிச்சையில் குணமாகித் தன் அனுபவத்தை 2012-ல் புத்தகமாகவே எழுதினார்.

மனிதர்களுக்கு மட்டும்தானா? பெர்லின் மிருகக்காட்சி சாலையில் உலகமே கொஞ்சிய க்னூட் என்ற பனிக்கரடி, 2011 மார்ச் மாதம் பார்வையாளர்கள் கண்ணெதிரே வலிப்பு வந்து குளத்தில் விழுந்து இறந்தது. அதற்கும் இதே வகை நோய்தான் என்று 2015-ல் தெரியவந்தது!

சரி, இளம்பெண் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? பெரியவர்களுக்கு வருவது இதன் பங்காளி நோய். அதற்குக் காரணமான எதிர்ப்பொருளின் குறி எல்.ஜி.ஐ.1. இது 2010-ல் தெளிவானது. அறுபதை ஒட்டிய வயதில், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாக வருகிறது. இதன் வேஷங்கள்தான் வேடிக்கையானவை. விபரீதமானவையும்கூட.

மூன்று விநாடி வெட்டு

முதல் வேஷத்தை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பெரியவர் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று ஒரு பக்கக் கன்னம் கோணும். அதே பக்கக் கை முறுக்கி வெட்டும். மூன்று விநாடிகூட இருக்காது. அடுத்த கணம் ஒன்றுமே நடக்காதது போலப் பேச்சைத் தொடர்வார். கையில் டம்ளர் இருந்தால் கீழே போகும். சிலருக்குக் காலும் சேர்ந்து வெட்டும். அப்போது ஆளே சாய்ந்து விழுவார்.

இப்படி ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. ஐம்பது தடவைகூட வரும்! நினைவு தப்பாது, வாயில் நுரை வராது. அதனால் யாரும் இதை வலிப்பு என்று நினைப்பதில்லை. மூளை மின்பதிவு எடுத்தால் அதிலும் பல சமயம் ஒன்றும் தெரியாது. "நரம்புத் தளர்ச்சி", "கை நடுக்கம்", "பயம்" என்று ஆளாளுக்கு ஒரு பெயர் வைப்பார்கள்.

2011-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சரோஷ் இரானி, ஏஞ்சலா வின்சென்ட் முதலான மருத்துவர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள். பலருக்கு இந்த வெட்டு முதலில் வருகிறது, மறதி பிறகுதான் வருகிறது. அதாவது மூளை முன்கூட்டியே மணி அடிக்கிறது! 2018-ல் 103 நோயாளிகளை ஆராய்ந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வலிப்பு மாத்திரை மட்டும் கொடுத்தபோது 30 நாளில் வெட்டு நின்றது பத்தில் ஒருவருக்குத்தான். ஸ்டீராய்டு போன்ற, காவல் படையை அடக்கும் மருந்தும் சேர்ந்தபோது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நின்றது. வெட்டு நிற்காமல் 90 நாள் ஓடியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஞாபகம் கெட்டது. மணி அடிக்கும்போதே கதவைத் திறந்தால் ஞாபகத்தைக் காப்பாற்றலாம் என்பதுதான் இதன் பொருள்.

பால் கணக்கு நோட்டு

சில வருடங்களுக்கு முன் ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை மருமகள் அழைத்து வந்தார். ஊர், தொழில் எல்லாம் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வயது 67. விசைத்தறி நடத்தி மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பவர்.

"மாமாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சுங்க. வல்லாரை லேகியம் ஏதாச்சும் கொடுங்க" என்றார் மருமகள். பெரியவரோ, "எனக்கொன்னும் இல்லீங்க. இவதான் என் பணத்தை எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டு என்னைப் பைத்தியம்ங்கறா" என்றார். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. மறு வார்த்தை பேசவில்லை.

நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். பத்து நிமிஷத்துக்குள் மூன்று தடவை அந்தக் கை என் விரலுக்கடியில் வெட்டியது. ஒவ்வொரு தடவையும் அதே பக்க வாயோரம் இழுத்தது.

"ஏன் அம்மிணி, இந்த வெட்டு எப்ப இருந்து?"

"ஆடியில இருந்தே இருக்குதுங்க. ரெண்டு மூணு கண்ணாடி டம்ளர் உடைஞ்சுது. அப்புறம் எவர்சில்வர்லதான் காப்பி கொடுக்கறோம்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்தார். லிட்டர் கணக்குக்குப் பக்கத்திலேயே பென்சிலில் குறிப்புகள். 'மாமா கை வெட்டுச்சு', 'மாமா விழுந்தார்', 'ராத்திரி தூங்கலை', 'என்னைத் திட்டினார்'. ஒவ்வொன்றுக்கும் தேதி! நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அதில் சோடியம் 122. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. விழுந்தபோது எங்கோ எடுத்த சோதனை. உப்பைக் கூட்டிச் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு பக்க வெட்டு, குறைந்த சோடியம், மூன்று மாத மறதி. மூன்றும் ஒரே ஆளிடம். லேகிய டப்பாவை நான் எடுக்கவே இல்லை. அந்த நோட்டோடு அன்றே சேலத்தில் ஒரு நரம்பியல் நிபுணரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த நிபுணர் தேதி போட்ட குறிப்புகளைப் படித்தார். எதிர்ப்பொருள் சோதனைக்கு அனுப்பினார். மற்ற காரணங்களை ஒதுக்கிவிட்டு, முடிவு வருவதற்கு முன்பே சிகிச்சையை ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் வெட்டு நின்றது. பின்னால் வந்த முடிவு எல்.ஜி.ஐ.1 என்றது.

இப்போது பெரியவர் நன்றாக இருக்கிறார். பழைய கணக்கெல்லாம் சொல்கிறார். ஆனால் ஆடியிலிருந்து கார்த்திகை வரை அவருக்கு இல்லவே இல்லை. அந்த மாதங்களில் யாருக்கோ கைமாற்றாகக் கொடுத்த பணம் யாரிடம் இருக்கிறது என்று இன்று வரை தெரியவில்லை. மருமகளைத் திருடி என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. "அது மாமா பேசினது இல்லீங்க, நோவு பேசினது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். எத்தனை வீட்டில் இப்படிச் சொல்ல வாய்க்கிறது? காரணம் தெரியாததால் எத்தனை குடும்பம் அந்த வார்த்தைகளை உண்மையென்று நம்பிப் பிரிந்திருக்கும்?

இன்னும் என்னென்ன வேஷம்?

புல்லரிப்பு: குளிர் இல்லை, பயம் இல்லை. கையில் ரோமம் குத்திட்டு நிற்கும். சில விநாடியில் அடங்கும். நாளைக்குப் பல தடவை வரும். நம் பக்கத்தில் இதைப் பார்த்தால் "அருள் வந்துருச்சு" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். இதுவும் மூளையில் எழும் ஒரு சின்ன வலிப்பாக இருக்கலாம்.

சோடியம் குறைவு: எல்.ஜி.ஐ.1 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது உண்டு. பிரஷருக்குச் சாப்பிடும் சில நீர் மாத்திரைகளாலும் சோடியம் குறையும். அதனால் சோடியம் குறைந்த எல்லாருக்கும் இந்த நோய் என்று பயப்படாதீர்கள். சோடியத்தைச் சரி செய்த பிறகும் குழப்பம் தீரவில்லை, அல்லது சோடியம் திரும்பத் திரும்ப இறங்குகிறது என்றால் மேலே விசாரியுங்கள்.

இதயத் துடிப்பு திடீரென்று குறைவது: சிலருக்குத் துடிப்பு அவ்வப்போது மந்தமாகி மயக்கம் வரும். இதய நோய் என்றே வைத்தியம் நடக்கும். பேஸ்மேக்கர் வைத்த பிறகு மூளை நோய் வெளிப்பட்டவர்களும் உண்டு.

தூக்கம் கெடுவது, உடம்பெல்லாம் வலி: 'காஸ்பர்2' என்ற இன்னொரு எதிர்ப்பொருள் வயதான ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. சதை புழு நெளிவது போலத் துடிக்கும். வேர்த்துக் கொட்டும். கை கால் எரியும். எடை குறையும். ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். கனவு காண்பவர் போலக் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். 1890-ல் இதை வர்ணித்த பிரெஞ்சு மருத்துவர் மோர்வன் பெயராலேயே இந்த நோயை அழைக்கிறார்கள்.

வினோதக் குறட்டை: 2014-ல் ஸ்பெயின் மருத்துவர்கள் கண்ட வேறொரு வகையில், தூக்கத்தில் கை காலை உதறுவது, மூச்சில் விசில் சத்தம், விழுங்க முடியாமை, நடையில் தள்ளாட்டம் எல்லாம் சேர்ந்து வரும். இது மட்டும் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மெதுவாக நகரும்.

அடங்காத வலிப்பு: ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக வலிப்பு வந்து, மருந்துக்கு அடங்காமல், கூடவே ஞாபகமும் போனால், நுரையீரலையும் படம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு வகையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நுரையீரல் புற்றுக்கட்டி பின்னால் இருக்கிறது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஒரு காய்ச்சலுக்குப் பின்: ஹெர்பிஸ் கிருமியால் மூளைக் காய்ச்சல் வந்து, தேறி வீட்டுக்கு வந்தவர், சில வாரங்களில் மறுபடி புத்தி மாறிப் பேசினால், கிருமி திரும்பியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காவல் படை கிளம்பியதாகவும் இருக்கலாம்.

காத்து, கருப்பு, கோயில்

நம்ம ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. திடீரென்று பெரியவர் குரல் மாறிப் பேசினால், இல்லாத ஆளைப் பார்த்தால், "முனி அடிச்சிருச்சு", "செய்வினை" என்று பேச்சு எழும். தாயத்து, மந்திரிப்பு, விபூதி எல்லாம் நடக்கும். நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் காவிரிக் கரையோடு முசிறி தாண்டி குணசீலத்துக்கும் போவார்கள். மனநிலை பாதித்தவர்களை 48 நாள், ஒரு மண்டலம், அங்கே தங்க வைத்துப் பெருமாளை வேண்டுவது காலகாலமாக உள்ள வழக்கம்.

நான் கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் நரம்பு டாக்டர், அப்புறம் வேண்டுதல் என்று வரிசையை மாற்றுங்கள். மேலே 90 நாள் கணக்கைப் பார்த்தீர்கள். அதில் 48 நாள் என்பது பாதிக்கும் மேல். இந்த நோயில் அந்த நாட்கள் திரும்பி வராது.

டாக்டர் என்ன செய்வார்?

ரத்தம், சிறுநீர், சர்க்கரை, சோடியம், தைராய்டு, பி12 பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ஈ.ஈ.ஜி. என்கிற மூளை மின்பதிவும் எடுப்பார்கள். முதுகுத்தண்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். "முதுகுல ஊசி போட்டா கால் விழுந்துடும்" என்று பயந்து தட்டிக் கழிக்காதீர்கள். காச நோயா, கிருமிக் காய்ச்சலா என்று பிரித்துப் பார்க்க அந்த நீர் தேவை. எதிர்ப்பொருளை ரத்தத்திலும் அந்த நீரிலும் தேடுவார்கள்.

இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். ஆரம்பத்தில் ஸ்கேன் சுத்தமாக இருக்கலாம். அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. எதிர்ப்பொருள் முடிவு வர நாளாகும். மற்ற காரணங்களை ஒதுக்கியபின், முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையை ஆரம்பிக்கலாம் என்று 2016-ல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த வழிமுறையே சொல்கிறது.

எங்கே போவது? சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் நரம்பியல் நிபுணர்களும் இருக்கிறார்கள். சிக்கலான கேஸ் என்றால் வேலூர் சி.எம்.சி., சுமார் 200 கிலோமீட்டரில் உள்ள பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள்.

சிகிச்சை பெரும்பாலும் ஸ்டீராய்டில் ஆரம்பிக்கும். மூன்று முதல் ஐந்து நாள் ரத்தக் குழாய் வழியாக அதிக அளவில் ஏற்றி, பிறகு மாத்திரையாக மாதக் கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம், ரிட்டுக்சிமாப் என்று அடுத்தடுத்த படிகள் உண்டு. சில மருந்துகள் விலை அதிகம். காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கையில் எடுத்துப் போய் விசாரியுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்; அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு நோய் திரும்பவும் தலைகாட்டும். அதனால் "நல்லாயிட்டாரு" என்று பாதியில் நிறுத்தவே கூடாது.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

"என்னங்க, சித்த வைத்தியர் ஸ்டீராய்டு போடச் சொல்றாரே" என்று சிலர் புருவத்தை உயர்த்துவீர்கள். நியாயம்தான். கல்லூரியில் எங்களுக்குப் படித்துத் தந்த எண்வகைத் தேர்வில் நாடி ஒன்றுதான் என்றில்லை. ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று இன்னும் ஏழு உண்டு. நோயாளியின் மொழியையும் விழியையும் பார் என்று சொன்னவர்கள் நம் முன்னோர். மனநோய்களைக் 'கிரிகை' என்ற பெயரில் பதினெட்டாக வகுத்து, குணத்தைக் கூர்ந்து கவனித்தார்கள். அந்தக் கவனிப்புதான் நமக்குச் சொத்து. ஆனால் எதிர்ப்பொருளின் தாக்குதலை வாரக் கணக்கில் அடக்க என் அலமாரியில் மருந்து இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

வல்லாரை நல்ல மூலிகைதான். ஆனால் இந்த மறதியை அது தீர்க்காது. ஸ்டீராய்டு சாப்பிடும் காலத்தில் 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்' என்ற பெயரில் அமுக்கரா முதலிய எதையும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். எந்தச் சக்தியை அவர் அடக்கப் பார்க்கிறாரோ, அதையே நாம் தூண்டிவிடக் கூடாதல்லவா?

இன்னும் ஒன்று. பாதரசம். முறையாகச் சுத்தி செய்யாத ரச மருந்து, பெயர் தெரியாத பொட்டலச் சூரணம் எதையும் தொடாதீர்கள். பாரம்பரிய மருந்துகளில் இருந்த பாதரசத்துக்கும், உடம்பே சிறுநீரகத்தைத் தாக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பிருப்பதை 2022-ல் சென்னை ஆய்வு ஒன்று காட்டியது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகு கிரீம் பூசியவர்களிடமும் அதே சிறுநீரக நோயைக் கண்டார்கள். பாதரசம் உடம்பில் ஏறியவர்களுக்கு மேலே சொன்ன மோர்வன் நோய் வந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. என் துறையின் பெயர் கெடும் என்று இதை மறைத்தால்தான் துறைக்கு நிஜமான கேடு. பெரியவர் சாப்பிட்ட எல்லா மருந்தையும், என்னைப் போன்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்து, பையோடு எடுத்துப் போய் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

நோய் அடங்கிய பிறகு எங்களுக்கு வேலை உண்டு. நேரத்துக்குத் தூக்கம், செரிக்கும் உணவு, மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வது, தினமும் கொஞ்சம் நடை, வீட்டுக் கணக்கை மறுபடி எழுதப் பழக்குவது. இவையெல்லாம் மெதுவாக ஆளைத் தூக்கி நிறுத்தும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

* ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் மாற்றம் வந்த தேதி, விழுந்த தேதி, வெட்டு எத்தனை தடவை என்று எழுதுங்கள்.

* வெட்டு வரும்போது செல்போனில் படம் பிடியுங்கள். டாக்டர் முன்னால் அது வராமல் போகலாம். ஒரு நிமிஷ வீடியோ ஆயிரம் வார்த்தைக்குச் சமம்.

* ஒரு வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொல்லுங்கள். தேதியிட்டு வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

* பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சோடியம் எத்தனை என்று பாருங்கள்.

* குழப்பம் தீரும் வரை வண்டிச் சாவி, கிணற்றங்கரை, கேஸ் அடுப்பு, பத்திரத்தில் கையெழுத்து எல்லாவற்றிலும் ஜாக்கிரதை.

* காய்ச்சல், கடும் தலைவலி, நிற்காத வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், ஒரு பக்கக் கை கால் விழுவது இருந்தால், நோட்டெல்லாம் அப்புறம். உடனே 108-க்குப் போன் போடுங்கள்!

நீங்கள் கேட்கலாம்...

'எங்க அம்மாவுக்கு 78 வயசு. நாலு வருஷமா மெதுவா மறதி. இதுவும் அதுவா?'

பெரும்பாலும் இருக்காது. நாலு வருஷம் மெதுவாக நகர்வது முதுமை மறதியின் நடை. ஆனாலும் தைராய்டு, பி12, சோடியம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே மறதி உள்ளவரும் திடீரென்று சில நாளில் மோசமானால், "இது அதேதான்" என்று விட்டுவிடாதீர்கள்.

'தைராய்டு எதிர்ப்பொருள் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. மூளைக்கும் வந்துடுமா?'

பயம் வேண்டாம். அந்த எதிர்ப்பொருள் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் சகஜம். அதோடு குழப்பமும் வலிப்பும் சேர்ந்து வந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். 1966-லேயே இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதியவர் லண்டன் மருத்துவர் ஒருவர். அவர் பெயரே லார்டு பிரெயின்!

'இது தொத்துமா? பரம்பரையா?'

தொத்தாது. பேரக் குழந்தைகளைத் தாத்தாவிடமிருந்து பிரிக்காதீர்கள். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் நோய் என்றும் கவலைப்பட வேண்டாம்.

இது அடிக்கடி வரும் நோய் அல்ல. இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெரும்பாலான வீடுகளில் இது எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் வந்த வீட்டில் முதலில் பார்ப்பது டாக்டர் அல்ல. காப்பி கொடுக்கும் மருமகளோ, பக்கத்தில் படுக்கும் பேரனோதான். அவர்கள் பார்த்ததைத் தேதி போட்டு எழுதினால் போதும். மீதியை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.